ஃபோர் வேயில 100: அந்த நம்பர் எங்கிருந்து வருது?

மாட்டுத்தாவணி, ஒத்தக்கடை எல்லாம் தாண்டி மேலூர் ரோட்டுல ஏறினதும் எல்லா வண்டியும் வேகம் எடுக்கும். அங்க சட்டப்படி எவ்வளவு வேகம் போகலாம்னு நம்ம கிளாஸ்ல கேட்டா ஆளுக்கொரு நம்பர் சொல்வாங்க.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 112-ன்படி உச்ச வேகத்தை நிர்ணயிப்பது மத்திய அரசு. பாதுகாப்புக்காக மாநில அரசு ஒரு குறிப்பிட்ட இடத்தில் அதைவிடக் குறைக்கலாம். அதனால 40-னு போர்டு இருந்தா அந்த இடத்துல 40 தான்.

2018 ஏப்ரல்ல மத்திய அரசு வரம்பை உயர்த்தியது. கார்களுக்கு எக்ஸ்பிரஸ்வேயில் 120, மீடியன் உள்ள நாலு வழிச்சாலையில் 100. அங்க பைக்குக்கு 80. என்ஜின் டெக்னாலஜியும் ரோடும் மேம்பட்டிருக்கு என்பது அரசு சொன்ன காரணம். 2021 ஆகஸ்ட்ல சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்து, வேகத்தைக் குறைத்து புது அறிவிப்பு வெளியிடச் சொன்னது. இத்தனைக்கும் அது வேக வரம்பை எதிர்த்துப் போட்ட வழக்கே இல்லை. விபத்தில் 90 சதவீத ஊனம் அடைந்த ஒரு பல் மருத்துவரின் இழப்பீட்டு வழக்கு. இழப்பீட்டை 1.5 கோடி ரூபாயாக உயர்த்திய நீதிபதிகள், கூடவே வேக வரம்பையும் கையில் எடுத்தாங்க. என்ஜின் வளர்ந்தாலும் ஓட்டுறவங்க விதிகளை மதிக்கிறது வளரலையே என்பது அவங்க பார்வை.

இதுல யார் சரின்னு ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் வச்சே பார்க்கலாம். ஆபத்தைப் பார்த்து பிரேக்ல கால் வைக்க 1.5 விநாடி, பிரேக் போட்டா வேகம் குறையும் வீதம் 7 மீ/வி² என்று வச்சுக்குவோம். 80-ல வர்ற கார் சுமார் 69 மீட்டர்ல நின்னுடும். 100-ல வர்ற காருக்கு 97 மீட்டர் வேணும். அதைவிட முக்கியம், முதல் கார் முழுசா நின்ன அதே இடத்தை ரெண்டாவது கார் தாண்டும்போது அதோட வேகம் இன்னும் 71 கி.மீ. அந்த இடத்துல மீடியன் கேப்பில் மாடு ஓட்டிட்டு ஒருத்தர் நின்னா? ஏபிஎஸ் வந்திருக்கு, டயர் நல்லா வந்திருக்கு, ஆனா அந்த 1.5 விநாடி மனுஷனோடது, அதுக்கு அப்டேட் வரலை. எக்ஸ்பிரஸ்வேயில குறுக்க யாரும் வரமாட்டாங்கன்னு நம்பித்தான் 120 கொடுக்கிறாங்க. நம்ம ஃபோர் வேயில ஊருக்கு ஊர் குறுக்க வர்றாங்க, ராங் சைடுல டிராக்டரும் வருது. என் ஓட்டு நீதிமன்றத்துக்குத்தான்.

சரி, பிடிக்கிறது எப்படி? ஸ்பீடு கன் இருந்தா எதிர்ல வர்றவர் லைட் அடிச்சு சிக்னல் கொடுத்துடுவார் (இந்த ஒற்றுமை வேற எதுலயும் கிடையாது!). எல்லாரும் அரை கிலோமீட்டர் அமைதியா போயிட்டு மறுபடி மிதிப்பாங்க. இதுக்கு மாற்று சராசரி வேகக் கேமரா. 20 கி.மீ. இடைவெளியில ரெண்டு கேமரா, நம்பர் பிளேட்டையும் நேரத்தையும் குறிச்சுக்கும். 80-ல போனா 15 நிமிஷம் ஆகணும். 12 நிமிஷத்துல வந்துட்டா சராசரி 100, செலான் ரெடி. மிச்சம் பிடிச்சது 3 நிமிஷம். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து காருக்கு அபராதம் 1,000 ரூபாய்.

செலான் வந்தா கண்ணை மூடிட்டு கட்ட வேண்டாம். 2021-ல் வந்த 167ஏ விதிப்படி, கேமரா கண்காணிக்கும் பகுதிக்கு முன்னாடி எச்சரிக்கை போர்டு இருக்கணும், நோட்டீஸ் 15 நாளுக்குள்ள அனுப்பணும். தேதியைச் சரிபாருங்க.