வைக்கோலைப் பிணைக்கும் வெள்ளை இழை... மாணவர்கள் கண்ட மாற்று தெர்மாகோல்!

''சிப்பிக் காளான் வளர்க்கிறேன். பி.எஸ்சி வேளாண்மை மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகள், வைக்கோலில் காளான் வித்தைக் கலந்து, அட்டைப்பெட்டிக்கு மாற்றாக ஒரு பெட்டி 'வளர்க்க'ப் போவதாகச் சொல்கிறாள். கொட்டகையில் ஒரு மூலையைக் கேட்கிறாள். போட்டித் தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் இது தேவையா?'' என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அவசியம் இடம் கொடுங்கள். ஆனால், கொட்டகைக்குள் வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அறுவடை முடிந்த படுக்கையைப் பிரித்தால், வைக்கோல் உதிராமல் ஒரே கட்டியாக நிற்கும். பணியில் சேர்ந்த புதிதில், 'எருக்குழியில் போடுங்கள்' என்று சொல்லிவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவேன். வைக்கோலை இவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருப்பது எது என்று நான் யோசித்ததே இல்லை.

யோசித்தவர், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில் வளர்ந்த எபன் பேயர். பண்ணையில் மரச்சில்லுகளை அள்ளும்போது, பூஞ்சை இழைகளால் அவை கட்டிகட்டியாக ஒட்டியிருப்பதைப் பார்த்தவர். நியூயார்க் மாநிலம், டிராய் நகரிலுள்ள ரென்சிலர் பாலிடெக்னிக் கல்வி நிலையத்தில் இளநிலைப் பட்டம் படித்தபோது, பேராசிரியர் பர்ட் ஸ்வர்சியின் கண்டுபிடிப்பு வகுப்பில் அந்த நினைவை ஆய்வாக மாற்றினார். சக மாணவர் கேவின் மெக்கின்டயருடன் சேர்ந்து 2007-ம் ஆண்டு 'எகோவேட்டிவ்' நிறுவனத்தைத் தொடங்கினார். முதலில் வீட்டுச் சுவருக்கான வெப்பத்தடுப்பு அட்டையாக யோசித்தார்கள். பிறகு, தெர்மாகோலுக்கு மாற்றான பொதி அட்டையாக வளர்ந்தது. டெல் நிறுவனம் தன் சர்வர் கணினிகளை அனுப்ப இதைப் பயன்படுத்தியது.

இதில் பசை எதுவும் கிடையாது. காளான் இழைகள் பயிர்க்கழிவைத் தின்றுகொண்டே துணுக்குகளுக்கு இடையில் வலைபோலப் பின்னுகின்றன. அச்சுக்குள் சில நாள்கள் வளரவிட்டால், அச்சின் வடிவம் வந்துவிடும். காளான் மொட்டு விடுவதற்குள் சூடேற்றி உலர்த்தினால், வளர்ச்சி நின்றுவிடும். பயன்படுத்திய பிறகு உடைத்து மண்ணில் போட்டால், மட்கி எருவாகும்.

உங்கள் மகள் இப்படித் தொடங்கலாம். வைக்கோலை 3 முதல் 5 செ.மீ. நீளத்துக்கு நறுக்கி, 5 மணி நேரம் ஊறவைத்து, 1 மணி நேரம் வேகவைக்க வேண்டும். ஆறிய பிறகு கையில் பிழிந்தால் உள்ளங்கை ஈரமாக வேண்டும், சொட்டக் கூடாது. காளான் வித்தைக் கலந்து, சுத்தமான பிளாஸ்டிக் டப்பாவில் அழுத்தி அடைத்து, துளையிட்ட பாலித்தீன் தாளால் மூடி, இருட்டறையில் வைக்கலாம். முழுவதும் வெண்மை படர்ந்ததும் எடுத்து, கல்லூரி ஆய்வகத்தின் உலர்த்தும் அடுப்பில் காயவைக்க வேண்டும். வெயிலில் காயவைப்பது மட்டும் போதாது; இழை உயிரோடு இருந்தால், ஈரம் பட்டதும் மறுபடி வளரும்.

வைக்கோல் மட்டும், மரத்தூள் மட்டும், இரண்டும் பாதிப் பாதி என மூன்று கலவைகள் போதும். ஒவ்வொன்றின் எடை, எத்தனை கிலோ பாரம் தாங்குகிறது, தண்ணீரில் ஊறினால் என்ன ஆகிறது என்பதைத் தேதியோடு குறித்துவைக்கச் சொல்லுங்கள். தோற்றுப்போன டப்பாவையும் விடாமல் எழுத வேண்டும். ஆய்வு என்பது அந்த நோட்டுதான்.

இப்போது கொட்டகை விஷயம். சோதனை டப்பாவில் பச்சைப் பூஞ்சை வந்தால், அது உங்கள் படுக்கைகளுக்கும் பரவி மகசூலைக் கெடுக்கும். அதனால், தள்ளியிருக்கும் அறையைக் கொடுங்கள். பச்சை தெரிந்த டப்பாவைத் திறக்காமல் தூரத்தில் புதைத்துவிடுங்கள்.

வாங்குவதற்கு ஆள் கிடைக்கும் முன்பு இதை நம்பி எந்த இயந்திரமும் வாங்காதீர்கள். தேர்வைப் பற்றிய கவலையும் வேண்டாம். டப்பாக்களைப் பார்க்கத் தினமும் அரை மணி நேரம் போதும். மீதி நேரம் படிக்கட்டும். முதல் டப்பாவைத் திறக்கும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள். காளான் இழையைப் பற்றி அவருடைய பாடப்புத்தகத்தில் இல்லாத பல விஷயங்கள் உங்கள் கைக்குத் தெரியும்.