டி.சி. கொடுப்பதற்கு முன்பு

பிள்ளையின் புத்தகப்பையில் வேப் சிக்கிவிட்டால், அப்பாவை வரவழைத்து, நாலு பேர் முன்னால் திட்டி, டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்புவதே சரி என்று பலர் நினைக்கிறார்கள். விற்றவனைத் தேடிப் போவோர் குறைவு. சட்டமோ விற்றவனைத்தான் முதலில் தேடுகிறது.

வேப் என்னும் மின்சிகரெட்டைத் தமிழ்நாடு 2018-லேயே தடை செய்தது. 2019-ல் நாடு முழுமைக்கும் தடைச்சட்டம் வந்தது. ஆன்லைன் உட்பட எந்த வழியில் விற்றாலும் முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். சரக்கை இருப்பு வைப்பதும் குற்றம். “நிகோடின் இல்லை, வெறும் ஃப்ளேவர்தான்” என்ற சமாதானம் செல்லாது; அதற்கும் தடைதான். ஆனால் புகைப்பதை இந்தச் சட்டம் குற்றமாகப் பட்டியலிடவில்லை.

நெல்லை வண்ணார்பேட்டையில் பள்ளி விட்டு பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது கூல் லிப்பையும் சேர்த்தே பேச வேண்டும். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலம் அது. மாணவர்கள் அதற்கு அடிமையாவதைச் சுட்டிக்காட்டி, நாடு முழுவதும் அதை ஏன் தடை செய்யக்கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி பரத சக்கரவர்த்தி 2024-ல் கேட்டார். 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தால், 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி 7 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. பள்ளியைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்கவே கூடாது.

வேப் பென்டிரைவ் போலவும் ஹைலைட்டர் போலவும் வருகிறது. மாம்பழம், புதினா வாசனைதான் அடிக்கும். “என்னல இது?” என்று கேட்கும் அம்மாவுக்கு ஏதோ ஒரு பதில் சொல்லித் தப்பிவிடலாம். வருவது வெறும் நீராவி என்ற பேச்சை நம்பாதீர்கள். சூடான கம்பிச்சுருளிலிருந்து நிக்கல், ஈயம் போன்ற உலோகத் துகள்களும் ஃபார்மால்டிஹைடும் நுரையீரலுக்குள் போகின்றன. மூளை வளர்ச்சி சுமார் 25 வயது வரை தொடர்கிறது. அந்த வயதுக்குள் பழகும் நிகோடின் கவனத்தையும் மனநிலையையும் கெடுத்து, சீக்கிரமே அடிமையாக்கிவிடுகிறது. காரணமில்லாத எரிச்சல், விடாத இருமல், அடிக்கடி கழிவறைக்கு ஓடுவது எல்லாம் கவனிக்க வேண்டியவை.

எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கல்வி உரிமைச் சட்டம் அனுமதிக்கவில்லை. அடிப்பதும் மனம் நோகத் துன்புறுத்துவதும் அதே சட்டத்தில் தடை. மேல் வகுப்புப் பிள்ளையை டி.சி. கொடுத்து அனுப்பினாலும் அவனுடைய பழக்கம் கூடவே போகும். விற்றவன் அடுத்தவனுக்கு விற்பான். என் பார்வையில் அது தண்டனைகூட இல்லை, பள்ளி தன் பொறுப்பைக் கைகழுவுவதுதான்.

பழக்கத்தை நிறுத்திய முதல் இரண்டு மூன்று நாள்கள்தான் மிகவும் கடினம். பிள்ளை சிடுசிடுப்பான், தூங்கமாட்டான். அப்போது திட்டாமல் உடனிருங்கள். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் புகையிலையை விட ஆலோசனை கிடைக்கும். மாணவர்கள் 14417-ஐ அழைக்கலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் அழைத்துப் போகலாம்.

பிள்ளை யாரிடம் வாங்கினான் என்பதைப் பக்குவமாகக் கேட்டறிந்து காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். சப்-இன்ஸ்பெக்டரே நேரில் போய்ச் சோதனையிட்டுச் சரக்கைப் பறிமுதல் செய்ய 2019 சட்டம் அதிகாரம் தருகிறது. குழந்தைகள் உதவி எண் 1098. தலைமையாசிரியர்களே, டி.சி. புத்தகத்தை எடுப்பதற்கு முன்பு அந்தப் புகாரை எழுதுங்கள்.