உதைக்கும் ஆடு யாரிடம் கற்றது?

1941-இல் வெளியான ஓர் ஆய்வு, பால் கறப்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. அமெரிக்காவைச் சேர்ந்த ஈலி, பீட்டர்சன் என்ற இரு விஞ்ஞானிகள், கறவைக்கு நின்ற பசுவின் முதுகில் ஒரு பூனையை ஏற்றிவிட்டார்கள். கூடவே, காற்றடைத்த காகிதப் பைகளைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை வெடிக்க வைத்தார்கள். பசு மிரண்டது. மடியில் பால் இருந்தும் சொம்புக்கு வந்தது கொஞ்சம்தான். அட்ரினலின் ஊசி போட்டுப் பார்த்தபோதும் இதேதான் நடந்தது.

இன்னொன்றையும் சோதித்தார்கள். மடியின் ஒரு பாதிக்குச் செல்லும் நரம்புகளைத் துண்டித்த பிறகும் இரண்டு பாதியிலும் பால் இறங்கியது. அப்படியானால் பாலை இறக்கச் சொல்லும் கட்டளை இரத்தத்தில் கலந்துதான் மடிக்கு வருகிறது. காம்பில் கை பட்டதும் அந்த உணர்வு மூளைக்குப் போகிறது. பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் வெளியாகிறது. பால் ஊறும் நுண்ணறைகளைச் சுற்றியிருக்கும் தசையணுக்களை அது சுருங்க வைக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் பால் இறங்கிவிடும். ஆனால் விலங்கு பயந்திருந்தால் அட்ரினலின் குறுக்கே நிற்கும். ஆக்ஸிடோசின் வேலையும் நடக்காது, மடிக்குப் போகும் இரத்தமும் குறையும். ‘மாடு பாலை அடக்கிக்கொண்டது’ என்று நாம் சொல்கிறோம். அதில் மாட்டின் விருப்பம் எதுவும் இல்லை.

ஆட்டின் மடி ஏமாற்றும்

வெள்ளாட்டில் கதை கொஞ்சம் மாறுகிறது. பசுவின் மடியில் ஐந்தில் ஒரு பங்கு பாலே காம்புக்கு மேலுள்ள தேக்கத்தில் காத்திருக்கும். மீதி நுண்ணறைகளில் இருக்கும். ஆட்டில் முக்கால் பங்கு பால் தேக்கத்திலேயே இருக்கும். அதனால் ஆட்டின் காலைக் கட்டி, கழுத்தை இறுக்கி, அது கத்தக் கத்தக் கறந்தாலும் பெரும்பகுதி பால் வந்துவிடும். கறந்தவர் அணைகயிற்றுக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்து போவார்.

ஆனால் மீந்துபோன கால் பங்கில்தான் கொழுப்பு அதிகம். அதைவிடப் பெரிய இழப்பு, அந்தப் பால் உள்ளேயே தங்குவதால் வருவது. ஸ்காட்லாந்தின் ஹன்னா ஆய்வு நிறுவனத்தில் 1980-களில் நடந்த சோதனைகள் இதைக் காட்டின. ஆட்டின் மடியில் இரண்டு பாதிகளும் தனித்தனியாகச் சுரப்பவை. ஒரு பாதியை நாளுக்கு மூன்று முறையும் மறு பாதியை இரண்டு முறையும் கறந்தபோது, மூன்று முறை கறந்த பாதியில் மட்டும் சுரப்பு கூடியது. இரு பாதிக்கும் ஒரே இரத்தம், ஒரே ஹார்மோன், ஒரே தீவனம். எனவே காரணம் மடிக்குள்ளேதான் இருக்க வேண்டும். மடி நிறைந்து அழுத்துவது காரணமா என்று பார்க்க, கறந்த பாலின் அளவுக்குச் சர்க்கரைக் கரைசலை உள்ளே செலுத்தினார்கள். மடி நிறைந்துதான் இருந்தது, ஆனாலும் சுரப்பு குறையவில்லை. அதாவது, தங்கும் பாலில் உள்ள ஏதோ வேதிப்பொருள் ‘போதும்’ என்று மடிக்குச் சொல்கிறது. இன்று மிரட்டிக் கறந்து மீதம் விட்டவருக்கு, வரும் நாட்களில் கறவையே குறையும்.

உதைக்குக் கிடைக்கும் கூலி

தலையீற்று ஆட்டை முதல்முறை கறக்கும்போது என்ன நடக்கிறது? காம்பைத் தொட்டதும் அது திடுக்கிட்டுப் பின்னங்காலைத் தூக்குகிறது. பால் சிந்திவிடுமே என்று நாம் கையை எடுத்துவிடுகிறோம். பிடிக்காத ஒன்று, கால் தூக்கியதும் நின்றுவிட்டது. ஆட்டுக்கு இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை. பலன் தரும் செயல் மீண்டும் மீண்டும் நிகழும் என்று அமெரிக்க உளவியலாளர் தார்ண்டைக் 1898-இல் பூனைகளை வைத்துக் காட்டிய விதி இதுதான். உதையை ஆட்டுக்குப் பழக்குவது பெரும்பாலும் கறப்பவரே. கோபத்தில் ஓர் அடி போட்டால் அட்ரினலினும் சேர்ந்துகொள்ளும்.

ஆடு கற்றதை எளிதில் மறப்பதுமில்லை. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள ஓர் ஆட்டுக் காப்பகத்தில் நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. கயிற்றை வாயால் இழுத்து, பிறகு நெம்புகோலைத் தூக்கினால் தீனி விழும் பெட்டியை 12 ஆடுகளிடம் கொடுத்தார்கள். 9 ஆடுகள் அதைக் கற்றுக்கொண்டன. 10 மாதம் கழித்தும் அந்த வித்தை அவற்றுக்கு நினைவிருந்தது. அதே காப்பகத்தில் நடந்து 2018-இல் வெளியான இன்னோர் ஆய்வில், சிரித்த முகமும் கோபமான முகமும் கொண்ட படங்களை மாட்டியபோது, ஆடுகள் சிரித்த முகத்தையே அதிகம் நாடின. கறக்க உட்காருபவரின் முகத்தையும் ஆடு பார்த்துக்கொண்டுதான் நிற்கிறது.

எப்படிப் பழக்குவது?

பயிற்சி ஈனுவதற்கு முன்பே தொடங்க வேண்டும். சினையின் கடைசி மாதத்தில் தினமும் ஒரே நேரத்தில் கறவை மேடைக்கு அழைத்துவந்து, ஒரு கைப்பிடி அடர்தீவனம் கொடுத்து, முதுகையும் வயிற்றையும் மடியின் பக்கங்களையும் தடவிக் கொடுத்தால் போதும். காம்பைப் பீச்சிப் பார்க்கக் கூடாது. காம்பின் துளையை மூடியிருக்கும் இயற்கையான அடைப்பு கிருமிகளைத் தடுப்பது. ஆடு மந்தை விலங்கு, தனித்து நின்றால் பதறும். இன்னோர் ஆடு கண்ணில் படும்படி மேடை இருப்பது நல்லது.

கறக்கத் தொடங்கிய பிறகு உதைத்தால், கையை எடுக்காமல் பீச்சுவதை மட்டும் நிறுத்த வேண்டும். மடியோடு ஒட்டிய கை, ஆடு அசையும் பக்கமெல்லாம் கூடவே போகட்டும். அது அசையாமல் நின்ற அந்தக் கணத்தில் கையை எடுக்க வேண்டும். இப்போது பலன், உதைக்குக் கிடைக்காமல் அமைதிக்குக் கிடைக்கிறது. பிறகு மறுபடி தொட்டு, சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டலாம். தீவனம் தீர்ந்ததும் பல ஆடுகள் நிலைகொள்ளாமல் தவிக்கும். அதற்காகக் கூடையை நிரப்பிவிடக் கூடாது. அடர்தீவனம் மிஞ்சினால் வயிற்றில் அமிலம் கூடி ஆடு படுத்துவிடும். அளந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதே சரி.

சிலர் ஆக்ஸிடோசின் ஊசியைக் குறுக்குவழியாக நாடுகிறார்கள். பாலைக் கூட்டுவதற்காகக் கறவை விலங்கின் உடல்நலம் கெடும்படி ஊசி போடுவது, இந்தியாவின் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி குற்றம். அந்த ஊசி பயத்தையும் போக்காது.

நன்றாகப் பழகிய ஆடு திடீரென உதைத்தால் அது வேறு விஷயம். மடியில் சூடு, வீக்கம், பாலில் திரித்திரியான கட்டிகள் இருக்கின்றனவா, காம்பில் வெடிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். மடிநோயாக இருந்தால் கால்நடை மருத்துவர் வேண்டும், பயிற்சி உதவாது. கறப்பவரின் நீண்ட நகமும், காம்பைக் கீழ்நோக்கி இழுக்கும் பழக்கமும்கூட வலியைத் தரும். கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் காம்பின் மேற்பகுதியை அடைத்து, மற்ற விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூடினால் இழுக்கவே தேவையில்லை.

கலிபோர்னியாவில் டேவிட் லயன்ஸ் என்ற ஆய்வாளர் 1980-களில் கறவை ஆடுகளின் சுபாவத்தை ஆராய்ந்தார். மனிதரைக் கண்டு கூசும் ஆடுகள், கறவையின்போது பாலை அதிகம் உள்ளே தேக்கிக்கொண்டன. அந்தக் கூச்சத்தைத் தீர்மானித்ததில், குட்டியை வளர்த்தது மனிதரா தாயா என்பதற்கும் பங்கு இருந்தது. பெட்டைக்குட்டி பிறந்த முதல் வாரங்களில் அதன் அருகே தினமும் சற்றுநேரம் உட்காருகிறவர், அது ஈன்ற பிறகு கறக்கப்போகும் பாலுக்கான வேலையை அப்போதே தொடங்கிவிடுகிறார்.