பழைய விண்டோஸும் எண்ணூறு ரூபாய் வைத்தியமும்

பக்கத்து வீட்டு ஹெட்மாஸ்டர் ஓய்வு பெற்றுப் பதினோரு வருஷம் ஆகிறது. பணிக்கொடை வந்த கையோடு ஒரு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கினார். உள்ளே விண்டோஸ் 7, ரேம் இரண்டு ஜிபி. போன மாசம் ஒருநாள் சாயங்காலம் கூப்பிட்டார்.

"தம்பி, எந்த பேங்க் சைட்டைத் திறந்தாலும் செவப்பா ஏதோ வருது. வைரஸ் பூந்துடுச்சுன்னு சொன்னாங்க. கடையில குடுத்து எண்ணூறு ரூபா செலவு பண்ணிட்டேன். இப்ப நல்லா வேகமா ஓடுது. ஆனா அந்த செவப்பு மட்டும் போகல."

திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தேன். தேதி 2009 ஜனவரி 1. மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032 என்று பெயர். அது தீர்ந்துபோனால் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கம்ப்யூட்டர் தன் தேதியை மறந்துவிடும். வங்கித் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 2009இல் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டருக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ். பிரவுசர் சிவப்புக் கொடி காட்டாமல் என்ன செய்யும்? வாட்ச் கடையில் பேட்டரி வாங்கி மாற்றினேன், தேதியைத் திருத்தினேன். சிவப்பு போய்விட்டது.

அப்படியானால் எண்ணூறு ரூபாய்க்கு என்ன நடந்தது? கண்ட்ரோல் பேனலைத் திறந்து பார்த்தேன். ஃபயர்வால் அணைக்கப்பட்டிருந்தது. ஆன்டிவைரஸைக் காணோம். எந்த மென்பொருளையும் நிறுவும் முன் "அனுமதிக்கட்டுமா?" என்று கேட்கும் அறிவிப்பு அடிமட்டத்துக்கு இறக்கப்பட்டிருந்தது. போதாக்குறைக்கு, விண்டோஸை 'ஒரிஜினல்' போலக் காட்டும் ஆக்டிவேட்டர் ஒன்றும் இருந்தது. இரண்டு ஜிபி ரேமில் இத்தனை காவலையும் எடுத்துவிட்டால் வேகம் வரத்தான் செய்யும். கதவு, ஜன்னலைக் கழற்றிவிட்டால் வீட்டுக்குள் காற்று பிய்த்துக்கொண்டு வருவதுபோல.

பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பதில் தப்பே இல்லை. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8இலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14இலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14இலும் ஆதரவை நிறுத்தியது. அந்தத் தேதிக்குப் பிறகும் கம்ப்யூட்டர் வழக்கம்போல ஓடும், அதனால்தான் யாருக்கும் உறைப்பதில்லை. நின்றுபோவது ஓட்டை அடைக்கும் வேலை. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை புதிய விண்டோஸுக்குத் திருத்தங்கள் வரும். எதைத் திருத்தினார்கள் என்று ஆராய்ந்தாலே ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். அதே ஓட்டை பழைய பதிப்பிலும் இருந்தால் அங்கே அடைக்க ஆளில்லை.

2017 மே 12 அன்று பரவிய வான்னாக்ரை என்ற நிரல் இதற்குச் சாட்சி. அது நுழைந்த ஓட்டைக்கு மார்ச் மாதமே திருத்தம் வந்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் பிட்காயின் கேட்டது அந்த நிரல். சிக்கியவற்றில் மிகப் பெரும்பாலானவை அப்டேட் போடாத விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள்தான், அப்போது அதற்கு ஆதரவு இருந்தும்கூட! அப்டேட்டை நிறுத்தி வைப்பதை 'வேக டிப்ஸ்' என்று யாராவது சொன்னால் இந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் அவகாசம் தந்தார்கள். வீட்டு உபயோகக்காரர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்யச் சம்மதித்தால் காசு கட்ட வேண்டாம். பதிவுக்கான இணைப்பு விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே வரும். இதற்கு யாராவது 'சர்வீஸ் சார்ஜ்' கேட்டால் கொடுக்காதீர்கள்.

காவலைக் கழற்றாமலே வேகம் கூட்டலாம். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். பத்து வருஷக் கம்ப்யூட்டருக்கு இதைவிடப் பெரிய மாற்றம் எதுவும் கிடையாது, மற்றதெல்லாம் சில்லறை. ரேம் கூட்டும் முன் உங்களுடையது 32 பிட் விண்டோஸா என்று பாருங்கள். 32 பிட் விண்டோஸால் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்த முடியாது, 8 ஜிபி போட்டால் பாதிப் பணம் வீண். விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தி எம்எஸ்கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடித்தால், விண்டோஸ் 7இல் ஸ்டார்ட்அப் பட்டியல் வரும். கம்ப்யூட்டர் எழும்போதே கூடவே எழுந்துகொள்ளும் தேவையற்ற மென்பொருள்களை அங்கே நிறுத்தலாம், ஆன்டிவைரஸை மட்டும் விட்டுவிட்டு. ரெஜிஸ்ட்ரி கிளீனர், ஸ்பீட் பூஸ்டர் என்று விளம்பரத்தில் வருகிற எதையும் தொடாதீர்கள்.

இன்னொன்று, காசில்லாத வேலை. தினமும் புழங்க அட்மினிஸ்ட்ரேட்டர் அல்லாத சாதாரண யூசர் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். கோப்புப் பெயரின் வாலை மறைக்கும் செட்டிங்கை எடுத்துவிடுங்கள். ஹெட்மாஸ்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் 'பென்ஷன்' என்ற பெயரில் பிடிஎஃப் போல ஒன்று கிடந்தது. வாலைக் காட்டச் சொன்னதும் அது பிடிஎஃப்புக்குப் பின்னால் எக்ஸி என்று முடிந்தது. க்ளிக் செய்தால் ஓடத் தொடங்கிவிடும் நிரல். நல்லவேளை, அவர் அதைத் திறக்கவில்லை.

இவ்வளவு செய்தாலும் விண்டோஸ் 7இல் வங்கி வேலை வேண்டாம் என்பதுதான் என் கட்சி. குரோம் 109ஆம் பதிப்போடு 2023இல் அதைக் கைவிட்டுவிட்டது. வங்கிக்கு வேறு கருவி பாருங்கள், அல்லது லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். லினக்ஸ் நமக்கு அந்நியமும் இல்லை. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்குத் தரத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பரண் மேல் கிடக்கும் அந்த மடிக்கணினியை இறக்கிப் பார்க்கலாம்.

பழைய விண்டோஸ்காரர்களைக் குறிவைத்து இன்னொரு வலையும் உண்டு. திடீரென்று திரை முழுக்க எச்சரிக்கை வரும், கீழே போன் நம்பர் இருக்கும். அழைத்தால் 'மைக்ரோசாஃப்டிலிருந்து' பேசுவதாகச் சொல்லி, உங்கள் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் எனிடெஸ்க்கோ டீம்வியூவரோ போடச் சொல்வார்கள். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் போடுவதே இல்லை. அந்த மென்பொருளைப் போட்டுவிட்டீர்கள் என்றால் முதலில் நெட் வயரைப் பிடுங்குங்கள். மற்றதைப் பிறகு யோசிக்கலாம்.

பணம் போய்விட்டால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். உடனே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் சொல்லுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, தவறு வங்கியுடையது என்றால் உங்களுக்கு ஒரு பைசா பொறுப்பு இல்லை. தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை என்றால், வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னவருக்கும் பொறுப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உங்கள் தலையில் விழலாம். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் செய்யும் வரை போனது உங்கள் கணக்கு. செய்த பிறகு போவது வங்கியின் கணக்கு. வாடிக்கையாளர்தான் காரணம் என்று நிரூபிக்கும் சுமையும் வங்கியுடையதே. "பழைய விண்டோஸ்தானே வைத்திருந்தீர்கள்" என்று கவுன்டரில் யாராவது கைகழுவினால், எழுத்தில் கேளுங்கள். முப்பது நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

கடை விஷயத்துக்கு வருவோம். உங்கள் அனுமதியில்லாமல் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து குடும்பப் படங்களைப் பிரதி எடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஆம் பிரிவின்படி இழப்பீடு கேட்கலாம். நேர்மையற்ற நோக்கம் இருந்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. எஸ்எஸ்டி மாற்றினால் பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். ஆக்டிவேட்டர் வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள். அதனுள் கடவுச்சொல் திருடும் நிரல்கள் ஒட்டிக்கொண்டு வந்ததுண்டு. போதாததற்கு, திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி குற்றம். அங்கே மாட்டுவது கடைக்காரர் மட்டுமல்ல, நீங்களும்தான்.

எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். சேவைக்கு ரசீது தராததையே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. அதற்கு மேல் மாவட்ட ஆணையம், இரண்டு வருஷத்துக்குள். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

ஹெட்மாஸ்டர் விண்டோஸ் 7ஐ விடச் சம்மதிக்கவில்லை. பேஜ்மேக்கரில் வானவில் எழுத்துருவில் ஊர் வரலாறு எழுதிக்கொண்டிருக்கிறார், அறுபது பக்கம் முடிந்திருக்கிறது. நியாயமான காரணம்தான். ஆக்டிவேட்டரை எடுத்து, எழுதியதையெல்லாம் ஒரு வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, நெட் வயரை ஒரேயடியாகக் கழற்றினேன். பேங்க் வேலை இனி மகளின் லேப்டாப்பில்.

மறுநாள் கடைக்குப் போய் பில் கேட்டிருக்கிறார். "பழக்கமானவங்க, பில்லு எதுக்கு சார்?" என்றானாம் பையன். நின்று வாங்கி வந்தார். 'சர்வீஸ் ரூ. 800' என்று ஒரே வரி. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, அந்த வரியின் கீழே கோடு போட்டு, 'விவரமாக எழுதுக' என்று ஓரத்தில் எழுதி, திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.