கேட்பவருக்கு எதற்கு ஆய்வேடு?

ஃபூக்கோவைப் படித்த கையோடு, 'உளவியல்காரன்னா வெள்ளைக்கோட்டுப் போலீஸ்காரன்தான்' என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதிவிடுவது நம் வட்டாரத்தில் வழக்கம். எனக்கு இதில் பாதி உடன்பாடு. மீதிப் பாதியை விளக்க, அமெரிக்காவில் கிளினிக்கல் சைக்காலஜி எனப்படும் மருத்துவ உளவியலில் முனைவர் பட்டம் உருவான கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1896-இல் லைட்னர் விட்மர், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதல் உளவியல் கிளினிக்கைத் திறந்தார். பெருமளவிலான பயிற்சியாக இது திரண்டது இரண்டாம் உலகப் போருக்குப் பின்புதான். மனம் நொறுங்கித் திரும்பிய சிப்பாய்களைக் கவனிக்கப் போதிய ஆளில்லை. முன்னாள் படைவீரர்களுக்கான அரசு நிர்வாகம் 1946-இல் பணம் கொடுத்து உளவியலாளர்களைத் தயாரிக்கத் தொடங்கியது. அறிவு/அதிகாரம் என்கிற கண்ணி இங்கே வெளிப்படையாகவே தெரிகிறது.

1949-இல் கொலராடோவின் போல்டர் நகரில் கூடிய மாநாடு, மருத்துவ உளவியலாளர் ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் பயிற்சி பெற வேண்டும் என்றது. இன்றும் பிஎச்.டி.க்கு ஐந்து முதல் ஏழு வருஷம் ஆகிறது: பாடங்கள், மேற்பார்வையில் சிகிச்சை, ஆய்வேடு, ஒரு வருஷ முழுநேரப் பயிற்சி. அப்புறம் மாநில உரிமத்துக்குத் தேர்வு.

'சிகிச்சை செய்யப்போறவனுக்கு ஆய்வேடு எதுக்கு?' என்ற கேள்வி எழாமலில்லை. 1968-இல் இலினாய் பல்கலைக்கழகம் சிகிச்சையை முதன்மைப்படுத்தும் சை.டி. பட்டத்தைத் தொடங்கியது. 1973-இல் வேல் மாநாடு அந்தப் பாதையை அங்கீகரித்தது. இதற்குள் ஒரு வர்க்கப் பிரச்சினையும் இருக்கிறது. பிஎச்.டி. மாணவருக்குப் பெரும்பாலும் கட்டண விலக்கும் உதவித்தொகையும் உண்டு, இடங்கள் சொற்பம். சை.டி.க்கு இடம் அதிகம். ஆனால் பலர் கடன் வாங்கித்தான் படிக்கிறார்கள்.

ஆய்வேடு எதற்கு என்பதற்கு ஈவ்லின் ஹுக்கரிடம் பதில் கிடைக்கிறது. 1932-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் உளவியல் முனைவர் பட்டம் பெற்றவர், ஆய்வுமுறையில் தேர்ந்தவர். தன்பால் ஈர்ப்பு நோய்தான் என்று மனநல மருத்துவம் அடித்துச் சொன்ன காலம் அது. பெரும்பாலும் சிகிச்சைக்கு வந்தவர்களையும் சிறையில் இருந்தவர்களையும் பார்த்துச் சொன்ன முடிவு. ஹுக்கர், சிகிச்சையில் இல்லாத தன்பால் ஈர்ப்புள்ள ஆண்கள் 30 பேர், எதிர்பால் ஈர்ப்புள்ள ஆண்கள் 30 பேர் ஆகியோரிடம் மைத்தடச் சோதனை உள்ளிட்ட உளவியல் சோதனைகளை நடத்தினார். எது யாருடையது என்று சொல்லாமல் முடிவுகளை நிபுணர்களிடம் தந்தார். அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆய்வு 1957-இல் வெளியானது. 1973-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பால் ஈர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியதற்குப் போராட்டங்கள் பெரிய காரணம். போராடியவர்களின் கையில் இந்த ஆய்வும் இருந்தது.

முத்திரை குத்துகிற கருவியை வைத்தே முத்திரையைப் பொய்யாக்கியிருக்கிறார் ஹுக்கர். அடுத்தவர் மனசைப் பற்றிப் பேச அதிகாரம் தருவது பட்டம். அந்த அதிகாரத்தையே சோதித்துப் பார்க்கிற பழக்கத்தைத் தரக்கூடியது ஆய்வுப் பயிற்சி. அந்தப் பழக்கம் உதவித்தொகை கிடைத்த சிலரோடு நின்றுவிடக் கூடாது என்பதே என் கவலை. இந்தப் படிப்புக்குப் போகிற தோழர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: ஆய்வேட்டைச் சடங்காக முடித்துவிடாதீர்கள். நாளைக்கு யாருக்கு 'நோயாளி'ன்னு பேர் வைக்கப் போகிறீர்களோ, அவர்கள் பக்கம் நின்று அந்தப் பேரைச் சோதிக்க அங்கேதான் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது.