மணி ஒன்று, பொழுது இரண்டு

பினாங்கில் பிறந்து வளர்ந்த நான், இப்போது சபாவின் கிழக்குக் கரையில் உள்ள சண்டாக்கானில் இடைநிலைப்பள்ளி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். கடிகாரத்திலோ ஒரு நிமிடம்கூட வித்தியாசமில்லை. சூரியனைக் கேட்டால்தான் கதை வேறு.

சண்டாக்கானில் காலை 6 மணியை ஒட்டிச் சூரியன் உதித்துவிடும். பினாங்கில் 7 மணிக்கு மேல்தான். இதன் கணக்கு எளிது. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே ஒரு பாகைக்கு 4 நிமிடம். பினாங்கு ஏறத்தாழ 100 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் சண்டாக்கான் 118 பாகையிலும் உள்ளன. 18 பாகை வித்தியாசம் என்றால் 72 நிமிடம்.

கடிகாரம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஜப்பானியர் ஆட்சியில் இங்கெல்லாம் தோக்கியோ நேரம் புகுத்தப்பட்டது. மலேசியா உருவான பிறகும், தீபகற்பத்தைவிட சபா, சரவாக் அரை மணி நேரம் முன்னே இருந்தன. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்பம் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தி அவற்றோடு சேர்ந்துகொண்டது. சிங்கப்பூரும் அன்றே மாறியது. நாடு முழுவதும் ஒரே நேரம் என்பதால் அலுவலக வேலைகளும் வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் எளிதாயின.

ஆனால் ஊரின் குணத்தைக் கடிகாரத்தைவிடப் பொழுதுதான் அதிகம் தீர்மானிக்கிறது. இரண்டுமே பழைய துறைமுகங்கள். ஜார்ஜ்டவுனின் பழைய கட்டடங்கள் நிலைத்து நின்று, 2008இல் யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. வட போர்னியோவின் தலைநகராக இருந்த சண்டாக்கான் இரண்டாம் உலகப் போரில் சிதைந்தது. அந்தத் தகுதி இன்றைய கோத்தா கினபாலுவுக்குப் போனது. இன்று பினாங்கு இரவு ஊர். மாலை 7 மணி தாண்டியும் பிள்ளைகள் திடலில் பந்து விளையாடுவார்கள். நாசி கண்டார் கடைகளில் நள்ளிரவிலும் கூட்டம் இருக்கும். சண்டாக்கான் காலை ஊர். மீன் சந்தை அதிகாலையிலேயே களைகட்டும். எங்கள் பள்ளி மணி 6.45க்கு அடிக்கும், மாலை 6.30க்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும்.

இங்கு வந்த முதல் தீபாவளியன்று காலை 6.30க்கு அம்மா அழைத்தார். “இங்க இன்னும் விடியவே இல்ல, அதுக்குள்ள குளிச்சிட்டியா?” என்றார். என் வீட்டு முற்றத்தில் அப்போது வெயில் விழுந்திருந்தது.

இது வேடிக்கைக் கதை மட்டுமல்ல. என் ஐந்தாம் படிவ மாணவர்கள் சிலர், தீபகற்பத்திலிருந்து நடத்தப்படும் இணைய வகுப்பில் சேர்ந்திருந்தார்கள். வகுப்பு இரவு 9 மணிக்கு. பினாங்கு மாணவருக்கு அது பொழுது சாய்ந்து ஒன்றரை மணி நேரம்தான். காலை 5 மணிக்கே எழுந்த எங்கள் பிள்ளைகளுக்கோ கண் சொக்கும் நேரம். ஆர்வமில்லாதவர்கள் என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. வகுப்பை 7.30க்கு மாற்ற முடியுமா என்று பயிற்றுநரிடம் கேட்டேன். நிலைமையைப் புரிந்துகொண்டு மாற்றினார். அதே பிள்ளைகள் இப்போது கேள்வி கேட்கிறார்கள்.

தீபகற்பத்து மாணவர்களுக்குச் சிரமம் காலையில் வருகிறது. இருட்டோடு எழுந்து பள்ளி வேனுக்குக் காத்து நிற்கிறார்கள். எனவே நாடு முழுமைக்கும் ஒரு நேரத்தைக் குறிக்கும் எவரும், அந்த நேரத்தில் ஒவ்வோர் ஊரிலும் சூரியன் எங்கே இருக்கும் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மாணவர்களே, நீங்களும் கணக்கிட்டுப் பாருங்கள். நம் கடிகாரம் 120 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியது. உங்கள் ஊரின் தீர்க்கரேகையை 120இலிருந்து கழித்து 4ஆல் பெருக்குங்கள். சிங்கப்பூர் 104 பாகை, விடை 64. அதாவது, அங்கே சூரியன் கடிகாரத்தைவிடச் சராசரியாக 64 நிமிடம் பின்தங்கி வருகிறது. சண்டாக்கானுக்கு 8 நிமிடம்தான். இனி சபாவில் இருக்கும் நண்பரை இரவு 10 மணிக்கு அழைக்கும் முன், இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுவிடுங்கள்.