இறைப்பு இயந்திரத்தின் வால்வுகளை நாமே சரிசெய்வோம்

பயிருக்குத் தண்ணீர் அவசியமான நாளில்தான் இறைப்பு இயந்திரம் அடம்பிடிக்கும். கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் பற்றாது; பற்றினாலும் சூடேறியதும் நின்றுவிடும். பிளக்கை மாற்றுவோம், காபரேட்டரைக் கழுவுவோம். அதன் பின்னும் இயந்திரம் சோர்ந்திருந்தால், நாம் பார்க்கவேண்டியது வால்வுகளின் இடைவெளியை. மெக்கானிக்மார் இதனை 'டப்பட் செட் பண்ணுவது' என்பர்.

குறிஞ்சாக்கேணி போன்ற ஊர்களில் இவ்வேலையைப் பழகிக்கொள்வது மிகவும் பயன் தரும். நீரைக் கடந்தே கிண்ணியா நகருக்குச் செல்லவேண்டிய ஊர் அது. பாலவேலை நடைபெற்ற காலத்தில், 2021 நவம்பர் 23ஆம் திகதி, படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். வீட்டில் செய்யக்கூடிய திருத்தத்துக்காகப் பாரமான இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு அலையவேண்டியதில்லை. செலவும் ஒரு காரணம். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. வால்வு சரியாக மூடாத இயந்திரம் எண்ணெயைக் குடிக்கும். தண்ணீரைக் குறைவாகவே தரும்.

இடைவெளி ஏன்?

நான்கு வீச்சு இயந்திரத்தில் இரண்டு வால்வுகள் உண்டு. ஒன்று எரிபொருட் கலவையை உள்ளே விடுகிறது. மற்றது புகையை வெளியே விடுகிறது. இவற்றை அமுக்கித் திறப்பது றொக்கர் என்னும் சிறு நெம்பு. வால்வு மூடியிருக்கும்போது றொக்கருக்கும் வால்வின் தலைக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருக்கவேண்டும். சூட்டில் உலோகம் நீளும். அந்த நீட்சிக்கு இடம் வேண்டும். புகை வால்வு அதிகம் சூடாவதால் அதற்குப் பெரும்பாலும் கூடிய இடைவெளி கொடுக்கப்படுகிறது.

இடைவெளி கூடினால் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்கும், வால்வு போதியளவு திறக்காது, வலு குறையும். இடைவெளி குறைந்தாலோ சத்தமே இராது. ஆனால் வால்வு முழுமையாக மூடாது. தீச்சுவாலை அதன் விளிம்பினூடே கசிந்து, நாளடைவில் வால்வை எரித்துவிடும். வால்வு அமரும் இருக்கை தேயத் தேய இடைவெளி குறைந்துகொண்டே போகும். ஆகவே சத்தமில்லாத இயந்திரம் எல்லாம் சுகமான இயந்திரம் என்று எண்ணிவிடக் கூடாது.

தேவையானவை

சாவிகள், திருகாணி முடுக்கி, பிளக் சாவி, சுத்தமான துணி, இடைவெளி அளக்கும் தகட்டுக் கட்டு (பீலர் கேஜ்). தகட்டுக்குப் பதிலாகக் கடதாசியை வைத்து அளக்க வேண்டாம். அது நசியும், அளவு பிழைக்கும்.

செய்யும் முறை

1. இயந்திரம் முற்றாக ஆறியிருக்க வேண்டும். இரவு முழுவதும் ஆறவிட்டுக் காலையில் செய்வது நன்று. எரிபொருள் குழாயைப் பூட்டி, பிளக் வயரைக் கழற்றுங்கள்.

2. வால்வு மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்த பின்னரே மூடியைத் திறவுங்கள்; ஒரு மணல் உள்ளே விழுந்தாலும் கேடு.

3. பிளக்கைக் கழற்றி, கயிற்றை மெதுவாக இழுங்கள். காபரேட்டர்ப் பக்க வால்வு அமுங்கி, மீண்டும் மேலெழும்பும். அதன் பின் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள். அப்போது இரண்டு றொக்கர்களும் சற்று ஆடவேண்டும். பல சிறு இயந்திரங்களில் கயிறு இலகுவாக இழுபடுவதற்காகப் புகை வால்வைச் சற்றுத் தூக்கும் அமைப்பு உண்டு. புகைப்பக்கம் இறுக்கமாகத் தெரிந்தால், உச்சியைச் சற்றே தாண்டவிட்டு மீண்டும் பாருங்கள்.

4. உரிய தகட்டை இடையே செலுத்துங்கள். சற்றுப் பிடித்துக்கொண்டு நகரவேண்டும். தடையின்றி ஓடினால் இடைவெளி கூடுதல், நுழையாவிட்டால் குறைவு.

5. பூட்டு நட்டைத் தளர்த்தி, அளவைத் திருத்தி, திருத்தும் பாகம் திரும்பாதபடி பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போதே அளவு மாறிவிடும். ஆகையால் மீண்டும் தகட்டை விட்டுப் பாருங்கள். முதன்முறை செய்வோர் பெரும்பாலும் தவறவிடுவது இதனையே.

6. மூடியைப் பூட்டி, பிளக்கையும் வயரையும் மாட்டி இயக்குங்கள். மூடியின் ஓரத்தில் எண்ணெய் கசிகிறதா எனக் கவனியுங்கள்.

அளவு எவ்வளவு?

ஹொண்டா ஜீ.எக்ஸ். 160 இயந்திரத்துக்கு, ஆறிய நிலையில், உள்வால்வு 0.15 மில்லிமீற்றர், புகை வால்வு 0.20 மில்லிமீற்றர். இதில் 0.02 கூடிக் குறையலாம். வேறு இயந்திரங்களுக்கு இந்த அளவை வைக்கக் கூடாது. அவற்றின் கைநூலைப் பார்க்கவேண்டும். மோட்டார் சைக்கிளுக்கும் அப்படியே. இரண்டு வீச்சு படகு இயந்திரங்களில் இத்தகைய வால்வுகள் இல்லை. அவற்றுக்கு இவ்வேலை தேவைப்படாது.

இடைவெளி சரியாக இருந்தும் கயிறு தடையின்றி இழுபட்டால், வால்வு எரிந்தோ றிங் தேய்ந்தோ இருக்கலாம். அது பட்டறை வேலை. அதனை அறிந்தவரிடம் விடுவதே நல்லது.

ஒரு தகட்டுக் கட்டு நாலைந்து குடும்பங்களுக்குப் போதும். அயலவர் சேர்ந்து ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். திருத்திய திகதியையும் அளவையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது, இறைப்புக் காலம் தொடங்குமுன், மூடியைத் திறந்து பாருங்கள். அரைநாள் வேலை ஒரு போகத்தைக் காக்கும்.